திருகோணமலைக் கோயில் வளவில் தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் ஒரு தோட்டம்

கேள்வி சுருக்கமாக இதுதான்: திருகோணமலை நகருக்குள், கடலுக்குக் கிட்ட ஒரு கத்தோலிக்கக் கோயில். அதன் பின்பக்கம் பத்துப் பேர்ச்சளவு மணல் நிலம் சும்மா கிடக்கிறது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்). யூன் 5, உலகச் சுற்றாடல் தினத்தன்று அங்கே உள்ளூர்ச் செடிகளை நட்டு, தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரக்கூடிய தோட்டமொன்றைத் தொடங்கப் பங்கு இளைஞர் குழு விரும்புகிறது. என்ன நடலாம், எத்தனை நடலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

யூனில் நடாதீர்கள் என்பதே முதல் பதில். அந்தத் திகதி கொழும்புக்கும் காலிக்கும் பொருந்தும். அங்கே தென்மேற்குப் பருவமழை இறங்கும் நேரம் அது. அதே காற்று மலைநாட்டில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, நம் பக்கத்துக்குக் கச்சான் காற்றாக, காய்ந்து கொதித்து வந்து சேர்கிறது. மணலில் வைத்த இளங்கன்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாலும் இலை விளிம்பு கருகிவிடும். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை ஈரத்தை இழக்கிறது. திருகோணமலையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,500 மி.மீ. அதில் பெரும்பங்கு ஓக்டோபர் நடுவிலிருந்து ஜனவரிக்குள் விழுந்து முடிந்துவிடும். அந்த மழையில் வேர் இறங்கிய செடிதான் அடுத்த யூனைத் தாண்டும்.

யூன் 5ஐ வீணாக்கவும் வேண்டாம். அன்று விதை போடுங்கள். நிழலில், பொலித்தீன் பைகளில் யூனில் முளைக்கவைத்த கன்றுகள் நவம்பரில் ஐந்து மாதக் கன்றுகளாக, நடுவதற்குச் சரியான பருவத்தில் நிற்கும். குழி வெட்டுவதைச் செப்டெம்பரில் வைத்துக்கொள்ளலாம். செப்டெம்பர் 1 முதல் அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளான ஓக்டோபர் 4 வரை படைப்பின் காலமாகத் திருச்சபைகள் கடைப்பிடிக்கின்றன. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் செப்டெம்பர் 1ஐப் படைப்புக்காகச் செபிக்கும் நாளாக ஏற்படுத்தினார். பூசையில் அறிவித்து ஆட்களைச் சேர்க்க இதைவிட வசதியான காலம் கிடையாது. ஓக்டோபரில் முதல் மழைகள் விழுந்து, மண்ணைத் தோண்டிப் பார்த்தால் ஒரு முழ ஆழம் நனைந்திருக்க வேண்டும். அதன் பிறகு, நவம்பர் 2 சகல ஆன்மாக்கள் தினம் கழிந்து வரும் முதல் சனிக்கிழமையை நடுகை நாளாக வையுங்கள்.

நவம்பர் 2க்கு முன்பு ஏன் கூடாது என்றால், அதற்கு முந்திய பத்து நாட்களில்தான் சேமக்காலைத் துப்புரவு நடக்கும். குடும்பங்கள் வந்து புல் செருக்கும், கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும். சிலர் வேலை சுருக்கமாக முடியட்டுமென்று களைகொல்லி அடிப்பார்கள். புதிதாக வைத்த கன்றையும் முளைத்த களையையும் பிரித்துப் பார்க்க அந்த அவசரத்தில் எவருக்கும் நேரமிருக்காது. களைகொல்லி மருந்து காற்றில் பல அடி தூரம் போகும். மதில் ஓரத்துத் துளசி அதற்கே போதும். ஆகவே அந்த ஆண்டு பங்குச் சபையில் இரண்டு தீர்மானங்களை எடுப்பிக்க வேண்டும்: கோயில் வளவிலும் சேமக்காலையிலும் களைகொல்லி இல்லை, புல்லைக் கையாலோ வெட்டும் இயந்திரத்தாலோ ஓக்டோபர் 25க்குள் வெட்டி முடிப்பது. இந்த இரண்டும் நடக்காவிட்டால் செடி வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். இப்படியான தோட்டங்கள் அழிவது பெரும்பாலும் வறட்சியாலல்ல, சிரமதானத்தால்.

இனி இடம். பத்துப் பேர்ச்சையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். மதிலை ஒட்டி 40 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரு பாத்தி முதல் ஆண்டுக்குப் போதும். காலை 7 மணிமுதல் நண்பகல்வரை வெயில் விழும் பக்கமாக இருக்கட்டும். தேனீக்கள் வேலை செய்வது அந்த நேரத்தில்தான். உயரமான செடிகள் மேற்கு, தென்மேற்குப் பக்கம் நின்றால் கச்சானை மறிக்கும். கடல் திறந்து தெரியும் பக்கத்தில் வாடைக்காற்றோடு உப்பும் வரும். அந்தப் பக்கத்துக்குப் பூவரசும் புன்னையும்தான் தாங்கும். திருவிழாவுக்கு வாகனங்கள் நிறுத்துவதும் கொட்டகை போடுவதும் எங்கே என்று முன்கூட்டியே கேட்டு, அந்த இடத்தை விட்டுவிடுங்கள். லொறிச் சில்லு ஏறி இறுகிய மணலில் அலவாங்கு போட்டாலும் வேர் போகாது.

மரத்துக்கு இரண்டடி நீள, அகல, ஆழக் குழி. பற்றைச் செடிக்கு ஓரடிக் குழி. அடியில் பொச்சுமட்டைகளை உட்பக்கம் மேலே பார்க்க ஒரு வரிசை அடுக்கி, மேலே மண் தூவி நிரப்புங்கள். கடற்கரை மணல் தண்ணீரைப் பிடித்துவைக்காது, பொச்சு பிடித்துவைக்கும். உப்பு ஏறிய மட்டையாக இருந்தால் ஒரு மழையில் நனையவிட்டுப் பிறகு பாவியுங்கள். இரண்டு பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டெரு போதுமானது. யூரியா போன்ற இரசாயனப் பசளை வேண்டாம். நம் பற்றைக்காட்டுச் செடிகள் மெலிந்த மண்ணுக்குப் பழகியவை. கொழுத்த மண்ணில் இலையாகத் தள்ளுமே தவிரப் பூக்காது, தண்டும் மென்மையாகிக் காற்றுக்கு ஒடியும்.

செடித் தெரிவில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பூவை மட்டும் பார்த்தால் பாதித் தோட்டம்தான். வண்ணத்துப்பூச்சிக்குப் பூ சாப்பாட்டுக் கடை; அதன் வீடு வேறு செடி. ஒவ்வோர் இனமும் குறிப்பிட்ட சில செடிகளின் இலையில் மட்டுமே முட்டையிடும். இலங்கையில் ஏறத்தாழ 250 வகை வண்ணத்துப்பூச்சிகளும் 150 வகைத் தேனீக்களும் பதிவாகியுள்ளன. தேனடை கட்டி வாழ்பவை அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான். மற்றவை தனியாக, மண் பொந்திலோ காய்ந்த கம்பிலோ குடியிருப்பவை. அவற்றுக்குப் பூவோடு சேர்த்து இடமும் கொடுக்க வேண்டும்.

முதலிடம் ஆவரைக்கு. மழை முடிந்த பின்னும், வேறு அதிகம் பூக்காத வரட்சி மாதங்களிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான்; அதுவும் மகரந்தப் பையின் நுனியிலுள்ள சின்னத் துளைக்குள் அடைபட்டிருக்கும். காலை எட்டு மணிவாக்கில் பக்கத்தில் நின்று பாருங்கள். பெரிய கருவண்டு (மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் ஒரு தேனீ இனம்) வந்து பூவைக் கால்களால் கட்டிப்பிடித்து, சிறகை மடித்தபடியே நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். ரீங்காரம் ஒரு சுருதி ஏறிக் கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தம் தூளாகப் பீய்ச்சி அதன் வயிற்றிலும் முதுகிலும் படியும். கருவண்டும் நீலவரித் தேனீயும் இந்த வேலையில் தேர்ந்தவை. அடை கட்டும் தேனீயால் இப்படி அதிரவைக்க முடியாது. கத்தரிக்கும் தக்காளிக்கும் இதே அதிர்வு பலன் தரும் என்பதால், கோயிலைச் சுற்றி வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது நேரடி இலாபம். ஆவரை இலையில் வெளிர்பச்சை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். விதைத்தோல் கடினமானது. கொதித்து இறக்கிச் சில நிமிடம் ஆறிய தண்ணீரை விதைமேல் ஊற்றி, ஓரிரவு ஊறவிட்டு, ஊதிப் பருத்தவற்றை மட்டும் போடுங்கள். பருக்காதவற்றுக்குத் திரும்பவும் அதே வைத்தியம்.

காயா நம் பற்றைக்காடுகளின் செடி. கம்பெல்லாம் நீலப்பூ அப்பிக்கொண்டு ஒரே தடவையில் பூக்கும். அதற்கும் அதிர்வு வேண்டும். வளர்ச்சி மிக மெதுவானது, மூன்றாம் ஆண்டுவரை பொறுமை தேவை. நொச்சி அதற்கு நேர்மாறு. பென்சில் தடிப்பில் ஒரு சாண் கம்பை வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி குத்தினால் மழைக்காலத்தில் தானே வேர்விடும். ஊதாக் கதிர்களில் சின்னத் தேனீக்கள் நாள் முழுக்க நிற்கும்; ஆடும் அதைத் தின்னாது.

கறிவேப்பிலை கட்டாயம் வேண்டும். கறுப்பு வண்ணத்துப்பூச்சியொன்று அதன் குருத்தில் முட்டையிடும். புழு முதலில் பறவை எச்சம் போலக் கபிலமும் வெள்ளையுமாக இருக்கும், கடைசிப் பருவத்தில் இலைப்பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பொன்றை நீட்டி ஒரு மணம் விடும். அவ்வளவுதான், சொறியாது. நம் ஊரில் புழு என்றாலே மயிர்க்கொட்டி என்று பயந்து மருந்தடிக்கும் பழக்கமுண்டு. முருங்கைத் தண்டில் கூட்டமாக அப்பியிருக்கும் மயிருள்ள புழு உண்மையிலேயே சொறியும். மறைக்கல்விப் பிள்ளைகள் திரியும் இடத்தில் அதை அகற்றுவது நியாயம். மயிரில்லாத வழுவழுப்பான புழுவை விட்டுவிடுங்கள். மூன்று கறிவேப்பிலை நட்டு, ஒன்றைச் சமையலுக்கும் இரண்டைப் புழுவுக்கும் என்று எழுதி ஒட்டினால் சண்டை வராது. தேசி, விளாத்தி ஏற்கெனவே வளவில் நின்றால் அவற்றுக்கும் இதே கூட்டம் வரும்.

மதில் கம்பியில் ஏறவிடுவதற்கு ஈஸ்வரமூலி. செந்நிற உடலும், கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட அழகான வண்ணத்துப்பூச்சி இந்தக் கொடியின் இலையில்தான் முட்டையிடுகிறது. கொடியிலுள்ள நச்சு புழுவின் உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. கறிவேப்பிலையில் வளரும் அந்தக் கறுப்பு இனத்தின் பெண்களில் சில, நச்சேதும் இல்லாமலே இதன் நிறத்தைப் பூண்டு தப்பிக்கின்றன. இரண்டு செடியையும் பக்கத்தில் வைத்தால் இதைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டலாம். மூன்று கொடியாவது வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் இரண்டு வாரத்தில் காம்பாக்கிவிட்டுப் புழுக்கள் பட்டினியில் சாகும். வறைக்கும் கஞ்சிக்கும் பறிக்கும் குறிஞ்சாவும் இதே மதிலுக்கு ஏற்றது. நீலவரிச் சிறகுள்ள வண்ணத்துப்பூச்சிக்கு அது வீடு.

எருக்கலை பற்றித் தயக்கம் இருக்கும். இரண்டு செடி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வையுங்கள். தண்ணீரே வேண்டாம், ஆண்டு முழுக்கப் பூக்கும், கருவண்டு விட்டு நீங்காது. மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிகொண்ட புழு இலையில் வளரும். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும் அளவுக்குப் புண்ணாக்கும். வெட்டுபவர் கண்ணாடி போட வேண்டும். பிள்ளைகள் எட்டாத இடம் இல்லையென்றால் எருக்கலையை விட்டுவிடுவதே சரி.

முன்வரிசைக்கு முடிதும்பை, துளசி, கிலுகிலுப்பை. தும்பைக்கு நாற்று வேண்டாம். பெப்ரவரி, மார்ச்சில் காய்ந்த தலைகளைச் சேகரித்து, ஓக்டோபரில் கிளறிய மண்ணில் தூவினால் வரும். துளசியின் கதிரைக் கிள்ளாமல் பூக்கவிட வேண்டும். கதிர் முழுக்கக் காய்ந்த பிறகு பாதியாக வெட்டினால் திரும்பத் தழைக்கும். வெட்சியில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் பழைய நாட்டு வகையைத் தேடுங்கள். நீண்ட குழாய்க்குள் இருக்கும் தேனுக்குப் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் வரும். பாவட்டையும் களாவும் வெள்ளைப்பூ, மணம் கூடியவை, இரவில் அந்துப்பூச்சிகளுக்கு. களா முள்வேலியாகவும் உதவும்.

மரங்கள் மூன்றே மூன்று, இருபதடி இடைவெளியில்: ஒரு கொன்றை, ஒரு மாவிலங்கு, ஒரு புங்கை. கல்லறைக்கும் மலகூடக் குழிக்கும் பதினைந்தடிக்குக் கிட்ட எதையும் நடவேண்டாம். ஏற்கெனவே நிற்கும் வேம்பு, தென்னை, முருங்கை, நாவல், பாலை எதையும் தறிக்காதீர்கள். தென்னை மாதா மாதம் பாளை விரித்து மகரந்தம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வரட்சியில் தேனீக்களைக் காப்பாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு. கோயில் முகப்பில் நெட்டிலிங்கம் நின்றால், அதன் இலையைத் தின்னும் பச்சைப்புழுவும் ஒரு வண்ணத்துப்பூச்சிதான். பச்சைப்புள்ளிச் சிறகோடு மிக வேகமாகப் பறக்கும். மரத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை.

அந்த 40 அடிப் பாத்திக்குக் கணக்கு இப்படி வரும். பின்வரிசையில் ஆறடிக்கு ஒன்றாக நொச்சி 3, காயா 3. நடுவரிசையில் நாலடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆவரை 6, கறிவேப்பிலை 3. முன்னால் ஒன்றரை அடி இடைவெளியில் துளசி 15, கிலுகிலுப்பை 12, ஒவ்வொன்றையும் ஐந்தாறு செடிகள் சேர்ந்த கூட்டமாக. இடையிடையே தும்பை விதை. மதிலில் ஈஸ்வரமூலி 3, குறிஞ்சா 2. வெட்சியும் பாவட்டையும் பாத்திக்கு வெளியே, கெபியை (குகைவடிவச் சுரூப மேடையை) சுற்றி. வகைக்கு ஒன்றாகப் பரப்பி நடாதீர்கள். தேனீ ஒரு சுற்றில் ஒரே வகைப் பூவாகத் தேடிப் போகும். கூட்டமாகப் பூத்திருந்தால்தான் அதற்கு அந்தப் பறப்பு கட்டுபடியாகும்.

நடவேண்டாதவை: உண்ணிச்செடி வண்ணத்துப்பூச்சியை இழுக்கும் என்பது உண்மை, காட்டையே மூடும் என்பதும் உண்மை; பறவை விதையைச் சுமந்துவிடும். இப்பில் இப்பில் மரமும் அப்படி மூடிப் பரவுவதுதான். கடதாசிப்பூவின் நிறமெல்லாம் பூவடி இலை, உள்ளே பூச்சிக்குக் கிடைப்பது அற்பம். சேமக்காலைகளில் வழமையாக நிற்கும் ஈழத்தலரிக்கு மணமுண்டு, தேன் இல்லை. மணத்தால் அந்துப்பூச்சியை ஏமாற்றித்தான் அது மகரந்தம் கடத்துகிறது. நிற்பதை வெட்டத் தேவையில்லை, புதிதாக வைக்க வேண்டாம். அடுக்குச் செவ்வரத்தையிலும் அடுக்கு ரோசாவிலும் மகரந்தத் தாள்களே இதழாக மாறிவிட்டன. மஞ்சள் அலரி நச்சுச்செடி, பிள்ளைகள் வரும் வளவுக்கு ஆகாது.

கன்று வாங்குவதென்றால் வனத் திணைக்கள நாற்றுமேடையிலும் உள்ளூர் நாற்றுக்காரரிடமும் கேளுங்கள். ஆவரை, நொச்சி, எருக்கலை போன்றவை கடையில் அரிது, வீதியோரத்திலும் தெரிந்தவர் காணியிலும் விதையும் கம்பும் எடுக்கலாம். ஒதுக்கக் காட்டிலிருந்தோ சரணாலயத்திலிருந்தோ எதையும் பிடுங்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். கடைக் கன்று வாங்கும்போது என்ன மருந்தடித்தது என்று கேளுங்கள். இமிடாக்குளோபிரிட் என்ற பூச்சிகொல்லியை ஊற்றி வளர்த்த கன்றின் தேனிலும் மகரந்தத்திலும் மருந்து இருக்கும். அப்படிப்பட்ட செடிக்கு வரும் தேனீயை நாமே கூப்பிட்டு நஞ்சூட்டுகிறோம்.

திருகோணமலைக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு: மான். பிரட்றிக் கோட்டையிலும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான்கள் கோயில் வளவுக்குள்ளும் வரும். வெறும் கம்பு நட்டுக் கயிறு கட்டினால் ஒரு இரவுகூடத் தாங்காது. கன்றுக்குக் கன்று கூடு போடுங்கள்: ஐந்தடி உயரக் கம்பிவலையை இரண்டரை அடி விட்டத்தில் வளைத்து, மூன்று தடிகளில் இறுகக் கட்டுவது. கூடு ஒடுங்கலாக இருந்தால் வலைக்கு வெளியே நீட்டும் கிளையைத் தின்றுவிடும். தடி ஆழமாக இறங்காவிட்டால் கிடா கொம்பை உரசிக் கூட்டோடு சாய்த்துவிடும், அப்போது தண்டின் பட்டையும் உரிந்து கன்று பட்டுப்போகும். முள்ளுக்கம்பி கூடவே கூடாது. மான் சிக்கினால் காயப்படும், அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. நொச்சி, எருக்கலை, துளசி ஆகியவற்றை ஆடும் மானும் அநேகமாக ஒதுக்கும். கூட்டுக்குக் காசு குறைவென்றால் அவற்றைத் திறந்தவெளியில் விட்டு, கொன்றைக்கும் மாவிலங்குக்கும் கறிவேப்பிலைக்கும் கூடு போடுங்கள்.

தண்ணீர். கோயில் கூரை பெரியது; அதைப் பயன்படுத்துங்கள். 200 சதுர மீற்றர் கூரையில் 1 மி.மீ. மழைக்கு 200 லீற்றர் விழும். சிந்துவதைக் கழித்தாலும் 35 மி.மீ. மழையில் ஒரு 5,000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும். நவம்பரில் அது ஓரிரு நாள் மழை. முதல் மழையின் தூசியை வெளியே விட்டு, பிறகு பிடியுங்கள். வாய்க்கு நுளம்புவலை கட்டாயம். இந்தத் தண்ணீரை உடனே செலவழிக்காதீர்கள். பெப்ரவரியிலிருந்து மேவரை கிணற்றுத் தண்ணீர் நன்றாகவே இருக்கும், அதைப் பாவியுங்கள். யூன் பிறந்த பிறகு கரையோரக் கிணறுகள் உவர்க்கத் தொடங்கும். தாங்கியைத் திறப்பது அப்போது. கூடிய கவனம் வேண்டிய 30 கன்றுக்கு ஐந்து லீற்றர் வீதம் கிழமைக்கு இரண்டு தடவை என்றால் 300 லீற்றர். 5,000 லீற்றர் பதினாறு கிழமைக்கு, செப்டெம்பர் நடுவரை வரும். மாலையில், அடியில், மெதுவாக ஊற்ற வேண்டும். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும், ஒரு நாள் தவறினால் செடி துவண்டுவிடும். மரக்கன்றுக்குப் பக்கத்தில் அடியில் சிறு துளையிட்டுத் திரிபோட்ட மண்முட்டியைப் புதைத்து நிரப்புவது இன்னும் சிக்கனம். இரண்டாம் ஆண்டுக் கோடையில் மரங்களுக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும் ஊற்றினால் போதும்.

பூச்சிகளுக்கும் தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கிய தண்ணீர் வைக்க முடியாது. டெங்கு நுளம்பு பெருகினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார், அதில் நியாயமும் உண்டு. தட்டையான சட்டியில் மணலை நிரப்பி, மணல் ஈரமாக மட்டும் இருக்கும்படி நனையுங்கள். வண்ணத்துப்பூச்சிகள் அந்த ஈரத்தை உறிஞ்ச இறங்கும். புகையடிக்க வருவார்கள் என்று அறிவித்தால், பாத்திக்குமேல் நேராக அடிக்காமல் கட்டடத்தைச் சுற்றி அடிக்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வளவில் சிரட்டையும் பிளாத்திக்குக் கோப்பையும் கிடக்காமல் பார்த்துக்கொண்டால் அவர்களுக்கு அடிக்க வேண்டிய தேவையே குறையும்.

குடியிருப்பு விடயத்தில் செலவு ஒன்றுமில்லை. மூன்றடிக்கு மூன்றடி வெறும் மண்ணை, பசளையோ இலைக்குப்பையோ போடாமல் வெயில் பட விடுங்கள். மண்ணில் துளை போடும் தேனீக்களுக்கு அது போதும். இன்ரலொக் கல் பதிக்கும் திட்டம் வந்தால் அந்த இடத்தைக் காப்பாற்றுங்கள். உள்விட்டம் 4 முதல் 10 மி.மீ. வரையுள்ள மெல்லிய மூங்கில் துண்டுகளை, ஒரு பக்கம் கணுவால் அடைபட்டிருக்க, அரையடி நீளத்தில் வெட்டி, இருபது முப்பதாகக் கட்டித் தாழ்வாரத்துக்குள் வையுங்கள். நமக்கு மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பதால் வாய் தென்கிழக்கைப் பார்க்கட்டும். வெட்சி இலையில் கத்தரியால் வெட்டியதுபோல வட்டத் துண்டு காணாமற்போயிருந்தால் இலைவெட்டித் தேனீ வந்துவிட்டது. அந்தத் துண்டுகளைச் சுருட்டித்தான் மூங்கிலுக்குள் குஞ்சுக்கு அறை கட்டுகிறது. ஈராண்டுக்கொரு தடவை மூங்கிலை மாற்றுங்கள், பூஞ்சணமும் உண்ணியும் சேரும். கருவண்டுக்கு இரண்டங்குலத் தடிப்புள்ள காய்ந்த முருங்கை, பூவரசுக் கம்புகளை வேலியில் கட்டிவிடலாம். கோயில் கூரை வளையில் அது துளைக்கும் என்று பயந்தால் வளைக்கு வர்ணம் பூசுங்கள். பூசிய மரத்தை அது பெரும்பாலும் தொடாது.

பழைய சுண்ணாம்புச் சுவர்களின் வெடிப்பிலிருந்து மெழுகும் பிசினும் கலந்த கறுப்புக் குழாய் சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தால், அது கொட்டத் தெரியாத கொசுத்தேனீயின் வாசல். சுவர் பூசும் மேசனுக்கு அந்த இடத்தைச் சோக்கால் வட்டமிட்டுக் காட்டிவிடுங்கள். அடைத்துப் பூசினால் கூடு முழுவதும் உள்ளேயே செத்துப்போகும்.

கூட்டிப் பெருக்குவதில் ஒழுங்கு வேண்டும். வாசலும் நடைபாதையும் சுத்தமாக இருக்கட்டும், அதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். பூசைக்கு வருபவர் முகம் சுளித்தால் தோட்டம் நிலைக்காது. பாத்திக்குள் மட்டும் தும்புத்தடி போகக்கூடாது. உதிர்ந்த இலையை இரண்டங்குல மொத்தத்தில் அங்கேயே மூடாக்காக விடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டோடு அணைத்தால் கறையான் ஏறும். இலையை எரித்தால் உள்ளேயிருக்கும் கூட்டுப்புழுவும் எரியும். பாத்தி விளிம்பில் வெள்ளையடித்த கல் வரிசையும், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சின்னப் பலகையும் வைத்தால், இது கவனிக்காமல் விட்ட இடமல்ல, வேண்டுமென்றே வைத்த இடம் என்று எல்லோருக்கும் விளங்கும். மதிலில் தொங்கும் கூட்டுப்புழுக்களைக் கவனிக்க வேண்டும், வெள்ளையடிக்கும்போது அவைதான் முதலில் போகும். கெபியின் மின்விளக்குகளை இரவு ஒன்பதுக்குப் பிறகு அணையுங்கள். விடியும்வரை எரியும் வெளிச்சம் அந்துப்பூச்சிகளைப் பூவிலிருந்து திசைதிருப்பிவிடும். மே மாத மாதா வணக்கத்துக்குப் பிள்ளைகள் பூப்பறிக்க ஒரு தனி வரிசை நாட்டுச் செவ்வரத்தை வைத்தால் பாத்தி தப்பும்.

பூ கூடினால் பெருந்தேனீயும் வரக்கூடும். மணிக்கோபுரத்தில் ஒற்றைப் பெரிய அடையாகத் தொங்குவது அதுதான். தோட்டம் இல்லாத கோயில்களிலும் அது வருவதுண்டு. கல்லெறியவோ புகைபோடவோ கூடாது, இரவில் பிரகாசமான விளக்கை அதன்மேல் பிடிக்கவும் கூடாது. அது ஊர் மாறித் திரியும் இனம், பூ முடிந்தால் சில மாதத்தில் தானே கிளம்பிவிடும். கொடியேற்றமும் வெடியும் அந்த நேரத்தில் வந்தால் வெடியைக் கைவிடுங்கள், கோபுரத்தின் அடியைக் கயிறு கட்டி மறியுங்கள், தேவையென்றால் அனுபவமுள்ளவரைக் கொண்டு இரவில் அகற்றுவியுங்கள். தேனீக்கள் கலைந்து கொட்டக் கிளம்பிவிட்டால் ஓடிப்போய்க் கோயிலுக்குள் புகுந்து கதவைச் சாத்துவதே வழி. பல கொட்டு வாங்கியவரையும், ஒரு கொட்டுக்கே மூச்சுத் திணறுபவரையும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டித் தேனீ வளர்க்கும் யோசனையை மூன்று ஆண்டுக்காவது தள்ளிவையுங்கள். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பெட்டித் தேனீக்கள் பூவையெல்லாம் வழித்துவிட்டால் தனித் தேனீக்களுக்கு மிஞ்சாது.

முதல் ஆண்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாம் ஆண்டு ஜனவரியிலிருந்து மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏறியபின், ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று எந்தப் பூவுக்கு எது வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். யூலை, ஓகஸ்ட் பக்கங்கள் வெறுமையாக இருந்தால் அந்த மாதங்களில் பூப்பவை போதவில்லை. அடுத்த நவம்பரில் ஆவரையைக் கூட்டுங்கள், பூவரசு ஒன்று வையுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் ஆவரை, தும்பை, கிலுகிலுப்பை விதைகளை எடுத்து நிழலில் உலர்த்தி, கடதாசி உறைகளில் பெயரும் மாதமும் எழுதி வைத்துக்கொண்டால், யூன் 5இல் பக்கத்துப் பங்குகளுக்கும் பாடசாலைகளுக்கும் கொடுக்க உங்களிடம் விதை இருக்கும். ஆவரை, கிலுகிலுப்பை உறைகளின் பின்பக்கத்தில் வெந்நீரில் ஊறவைக்கும் முறையை எழுதிவிடுங்கள். தும்பை உறையில் ஓக்டோபரில் தூவும்படி எழுதினால் போதும்.